முருங்கைப் பிசினும் மாமாவின் இடது கண்ணும்

பிப்ரவரி 3, திங்கள்

வீட்டுக்கு ஒருவழியாக வெஸ்டர்ன் டாய்லெட் வந்துவிட்டது. அப்பாவின் முழங்காலுக்காக என்று தினகரன் ஓசூரில் இருந்தபடியே ஆள் பிடித்து, போனிலேயே டைல்ஸ் பார்த்து, போனிலேயே கொத்தனாரை விரட்டி வேலையை முடித்துவிட்டார். சிமெண்டுத் தூசியைக் கூட்டி அள்ளிய புண்ணியம் மட்டும் எனக்கு. மாமா அதைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தார்.

"நாற்காலியாட்டம் இருக்குது சாமி. உக்காந்துட்டு பேப்பரே படிச்சிரலாம்" என்றார். உடனே அவருக்கே நினைப்பு வந்து, "அதுக்குக் கண்ணு வேணுமே" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

புது நோட்டு என்பதால் யார் எவர் என்று ஒருமுறை எழுதிவிடுகிறேன். பத்து வருடம் கழித்து இதைப் படிக்கப்போகும் கோகிலவாணிக்கு, அதாவது எனக்கே, உதவும். மாமா என்றால் என் மாமனார் சென்னியப்பன், பால் சொசைட்டியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். சின்ன வயதில் கிட்டிப்புள் பட்டு வலது கண் போய்விட்டது. மிச்சமிருக்கிற இடது கண்ணில் இப்போது புரை முற்றிக்கொண்டு வருகிறது. கண் ஆஸ்பத்திரியில் தெளிவாகச் சொல்லிவிட்டார்கள்: இருப்பது ஒற்றைக் கண், சர்க்கரை இருநூறுக்குக் கீழே வராமல் ஆபரேஷன் கிடையாது. மாமாவுக்கு அது இருநூற்றைம்பதைச் சுற்றி ஆடிக்கொண்டிருக்கிறது. அத்தை போய் மூன்று வருடம் ஆகிறது. என் வீட்டுக்காரர் தினகரனுக்கு ஓசூரில் வேலை, வாரக் கடைசியில் வந்தால் உண்டு. மற்றபடி இந்த வீட்டில் மாமாவும் நானும்தான்.

நான் ஆறு வருடம் மருந்துக் கடையில் நின்றுவிட்டு முப்பது வயதில் எம்.ஃபார்ம் படிக்கப் போனவள். முருங்கைப் பிசினை வைத்துச் சர்க்கரை மாத்திரை செய்வது என் ஆராய்ச்சி. விழுங்கியதும் மொத்த மருந்தையும் கொட்டிவிடாமல், நாள் பூராவும் கொஞ்சம் கொஞ்சமாக விடுகிற மாத்திரை. இதுவரை நான் செய்தவை எல்லாம் மொத்தமாகக் கொட்டிவிட்டன.

பிப்ரவரி 6, வியாழன்

மாமாவைச் சர்க்கரை டாக்டரிடம் கூட்டிப்போனேன். மூன்று வேளை மாத்திரையில் மத்தியான மாத்திரையை இவர் தினமும் மறந்துவிடுகிறார், நான் காலேஜில் இருக்கிறேன், ஒரே வேளை போடுகிற மெதுவாகக் கரையும் மாத்திரையாக மாற்றித் தர முடியுமா என்று நானே கேட்டேன். டாக்டர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, "நல்ல யோசனைதான்" என்று எழுதிக் கொடுத்தார்.

மாத்திரை புளியங்கொட்டையை விடப் பெரியது. மாமா உள்ளங்கையில் வைத்து உருட்டினார்.

"இது நீ செய்யறியே, அதாட்டமா?"

"கம்பெனி மாத்திரைங் மாமா. பிசின் வேற. ஆனா வேலை செய்யற விதம் நான் செய்யற மாத்திரையாட்டமேதானுங். உடைக்காம, மெல்லாம, முழுசா முழுங்கோணும்."

"உன்ற மாத்திரைன்னா மலையே ஆனாலும் முழுங்கிருவேன்" என்று ஒரே மடக்கில் விழுங்கினார். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது அவருக்கு.

பிப்ரவரி 9, ஞாயிறு

காலையில் பக்கத்துத் தோட்டத்துக்குப் பிசின் எடுக்கப் போனோம். முருங்கை மரத்தில் எங்கே வெட்டுப் பட்டிருக்கிறதோ அங்கே பிசின் கசிந்து நிற்கும். கசியும்போது வெளுப்பாக இருக்கும், காய்ந்தால் செம்மண் நிறத்துக்கு வந்துவிடும். நான் கண்ணால் தேடித் தேடிக் கால் கிலோ சேர்ப்பதற்குள் மாமா கையால் தடவியே ஒரு பை நிறைத்துவிட்டார். எனக்குக் கொஞ்சம் பொறாமைதான்.

தோட்டத்தில் காய் பறித்துக்கொண்டிருந்த பெண்கள், எதற்கு இது, பேப்பர் ஒட்டவா என்று கேட்டார்கள். மாமா நெஞ்சை நிமிர்த்திக்கொண்டார்.

"எங்க மருமவ சக்கரைக்கு மாத்திரை செய்யறா. நம்மூரு முருங்கைப் பிசின்ல. நானே இப்ப அந்த மாதிரிதான் போடறேன்."

நான் பாதி திருத்த வாயெடுத்தேன். அவர் முகத்தைப் பார்த்துவிட்டு விட்டுவிட்டேன்.

பிப்ரவரி 13, வியாழன்

பிசினை ஊறவைத்து, மல் துணியில் வடிகட்டி, ஸ்பிரிட் ஊற்றினால் தயிர் திரிவது போலத் திரிந்து வரும். அதைக் காயவைத்து, பொடித்து, சலித்து, மருந்தோடு கலந்து மாத்திரை அடிக்க வேண்டும். அடித்தேன். ஆறு கண்ணாடிக் குடுவையில், உடம்புச் சூட்டில், துடுப்பு சுற்றுகிற தண்ணீரில் போட்டேன். காபி குடித்துவிட்டு வருவதற்குள் ஆறும் மாவாகிக் கிடந்தன.

ஜெசிந்தா மேடம்தான் என் வழிகாட்டி. குடுவையை எட்டிப் பார்த்து, "கோகிலா, இது மாத்திரையா, கோலப் பொடியா?" என்றார். பிசினை இன்னும் கூட்டச் சொன்னார். அந்த அம்மாள் ஒருநாளும் சத்தம் போட்டதில்லை. போட்டிருந்தால் இவ்வளவு வலிக்காது.

பிப்ரவரி 19, புதன்

இரவு சாப்பிடும்போது மாமா திடீரென்று கேட்டார்.

"ஏஞ்சாமி, மாத்திரைன்னா உள்ள போனாக் கரையோணுமல்ல?"

எனக்குக் கேட்கவா வேண்டும்? தட்டை நகர்த்திவிட்டுப் பாடம் எடுத்தேன். மற்ற மாத்திரைகள் கரைவதற்குத்தான் ஆசைப்படும், இந்த மாத்திரை கரையாமல் இருப்பதில்தான் கெட்டிக்காரத்தனம், பிசின் தண்ணீரைக் குடித்து உப்பிக் கெட்டியாக நிற்கும், லேசில் கரையாது என்று கையை ஆட்டி ஆட்டிச் சொன்னேன்.

"லேசுல கரையாதுன்னா... கரையவே கரையாதா?"

அந்த நேரம் பார்த்துப் பால் பொங்கியது. அடுப்பைத் துடைத்துவிட்டு வந்து பார்த்தால் மாமா தட்டைக் கழுவி வைத்துவிட்டுப் படுக்கப் போய்விட்டார். என் ஆராய்ச்சியைப் பற்றி வீட்டில் ஒரு மனிதர் இவ்வளவு அக்கறையாகக் கேட்பது எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

பிப்ரவரி 27, வியாழன்

சர்க்கரை முந்நூற்றுப் பத்து. கண் ஆஸ்பத்திரிக்கு நாள் வாங்கியிருந்தது போயிற்று. டாக்டர் மாத்திரைச் சீட்டைப் பார்த்து, "ஒழுங்காப் போடறாரா?" என்று என்னிடம் கேட்டார். அட்டை தினமும் ஒவ்வொன்றாகக் காலியாவதை நானே பார்க்கிறேன். போடுகிறார் என்றேன். அப்படியானால் சாப்பாட்டில்தான் கோளாறு, கவனித்துக்கொள்ளுங்கள், தள்ளிப்போட்டுக்கொண்டே போனால் இந்தக் கண்ணும் கஷ்டம் என்றார். என்மேல் குற்றம் சுமத்தியது போலிருந்தது. இந்த வீட்டில் சமைப்பது நான்தானே.

திரும்பி வந்து பஸ்ஸில் இருந்து இறங்கும்போது மாமா படியைக் காலால் துழாவினார். போன மாதம் இப்படித் துழாவியதாக எனக்கு நினைவில்லை.

மார்ச் 2, ஞாயிறு

தினகரன் வந்தார். ரகசியமாகச் சமையல் கட்டில் வைத்துச் சொன்னேன்: உங்கப்பா எங்கேயோ இனிப்புச் சாப்பிடுகிறார். அவர், "அப்பாவா? காபிக்கே சக்கர போடாத ஆளு" என்றார். பிறகு, "பஸ் ஸ்டாப் கடைல தேன்மிட்டாய் விக்கறான்" என்று அவரே சந்தேகத்தையும் கிளப்பிவிட்டு ஓசூர் பஸ் ஏறிவிட்டார்.

மார்ச் 5, புதன்

என் மாத்திரை குடுவையில் எட்டு மணி நேரம் தாங்கியது! பிசினைக் கூட்டியதில் பலன். வீட்டுக்கு வந்து மாமாவிடம் சொன்னேன். "அப்படியா சாமி" என்றார். வேறு ஒன்றும் கேட்கவில்லை.

மார்ச் 9, ஞாயிறு

இன்று நான் நடந்துகொண்டது நன்றாக இல்லை.

பஸ் ஸ்டாப் கடையில் போய் நேரடியாகவே விசாரித்துவிட்டேன். மாமா என்ன வாங்கினார் என்று. கடைக்காரர், "நாட்டுப் பாகக்கா வந்தாச் சொல்லுன்னு கேட்டுட்டுப் போனாருங், வேற ஒண்ணும் வாங்கல" என்றார். அதோடு விட்டிருக்க வேண்டும். வீட்டுக்கு வந்து மாமாவின் அலமாரிக்குள் மிட்டாய்க் காகிதம் தேடினேன். தேடிக்கொண்டிருக்கும்போது அவர் வாசற்படியில் நின்றார்.

பயம்தான் கோபமாக வந்தது என்று நினைக்கிறேன். "மாமா, எதையோ மறைக்கறீங்க. அது என்னன்னு தெரிஞ்சுட்டா நான் கம்முனு இருந்துக்குவேனுங்" என்றேன்.

மறைக்கவில்லை என்று அவர் சொல்லவில்லை. துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, "அலமாரிய நல்லாப் பாத்துக்க அம்மிணி" என்று சொல்லிவிட்டு வெளியே போய்விட்டார். எப்போதும் சாமி என்பவர் இன்று அம்மிணி என்றார்.

மார்ச் 10, திங்கள்

பேசவில்லை. அவரும்.

மார்ச் 14, வெள்ளி

மாமா தனக்குத் தானே வைத்தியம் பார்த்துக்கொள்கிறார். காலையில் ஆவாரம்பூக் கஷாயம். மத்தியானம் உப்புப் போடாத பாகற்காய். ராத்திரி ஒரே ஒரு ராகி தோசை. இரண்டு வேளை நடை வேறு. இன்று நடக்கப் போனவர் ரோட்டோரம் ஜல்லி கொட்டி வைத்திருப்பது தெரியாமல் ஏறி விழுந்துவிட்டார். யாரோ வண்டியில் கொண்டுவந்து விட்டார்கள். முழங்கையில் தோல் உரிந்திருந்தது.

மருந்து போட்டுவிட்டேன். எரியும் என்று தெரியும். அவர் அசையவே இல்லை.

"இந்தப் பாடு எதுக்குங் மாமா?"

"கொறையோணுமல்ல சாமி. எப்படியாச்சும் கொறையோணும்."

சாமி திரும்பி வந்ததில் எனக்கு அழுகை வந்துவிட்டது. டிஞ்சர் நெடி என்று சொல்லிக்கொண்டேன். இனிப்புச் சாப்பிடுகிறவர் இப்படிப் பாகற்காய் தின்ன மாட்டார். அப்படியானால் என்னதான் நடக்கிறது இந்த வீட்டில்?

மார்ச் 19, புதன்

பன்னிரண்டு மணி நேரம்! காலை விடிந்ததும் லேபைத் திறக்கச் சொல்லி ஆரம்பித்தது. மணிக்கு ஒருமுறை தண்ணீர் எடுத்து அளந்தேன். மருந்து அளவாக, சீராக, ஒரு பதற்றமும் இல்லாமல் இறங்கி வந்தது. கடைசி அளவில் மருந்து முழுதும் தண்ணீருக்கு வந்துவிட்டது. ஜெசிந்தா மேடம் என் முதுகில் தட்டினார். மேடம் தட்டுவதெல்லாம் வருடத்துக்கு ஒருமுறை நடக்கிற விசேஷம்.

வேடிக்கை என்னவென்றால், குடுவையின் அடியில் மாத்திரை இன்னும் அப்படியே உட்கார்ந்திருந்தது. போட்டதை விடக் கொஞ்சம் பெரிதாகவே. உப்பி, வழவழவென்று, அதே வடிவத்தில். தெரியாதவர்கள் பார்த்தால் ஒன்றுமே கரையவில்லை என்றுதான் சொல்வார்கள். உள்ளே மருந்து கிடையாது. தண்ணீர் குடித்த பிசின் மட்டும்தான்.

மார்ச் 22, சனி

துணி ஊறவைத்தேன். மாமாவின் வெள்ளைச் சட்டையைப் பிழியும்போது பையில் கொழகொழவென்று என்னவோ கையில் பட்டது. பல்லி முட்டையோ என்று பதறி உதறினேன். சிமெண்டுத் தரையில் விழுந்தது.

எனக்கு அதைத் தெரியாதா? வாரக்கணக்காகக் குடுவையில் பார்க்கிற உருவம் அது. வாளித் தண்ணீரில் ஊறி உப்பிய மாத்திரை. மாமா அட்டையிலிருந்து ஒவ்வொன்றாகப் பிதுக்கிப் பையில் போட்டுக்கொண்டிருக்கிறார். விழுங்கவில்லை. நான் அட்டையைப் பார்ப்பேன் என்று தெரிந்து, எனக்காகவே பிதுக்கியிருக்கிறார்.

கோபத்தில் தினகரனுக்குப் போன் செய்தேன். "நீ கேளேன்" என்றார். நீங்கள் கேளுங்கள் என்றேன். அரை மணி கழித்து அவரே கூப்பிட்டு, "போட்டுட்டுத்தான் இருக்கறேங்கறாரு" என்றார்.

நான் போய்க் கேட்கவில்லை. அன்றைக்கு அலமாரியைக் குடைந்த வாயால் இன்றைக்கும் கேட்டால் அவர் வெளியே போய்விடுவார். கண் தெரியாமல் எங்கே போய் விழுவார்? ஆனால் ஏன்? மலையையே விழுங்குவேன் என்றவர் ஏன் நிறுத்தினார்?

மார்ச் 25, செவ்வாய்

ஜெசிந்தா மேடம் என் ஆய்வேட்டைப் படித்துவிட்டு ஓரத்தில் ஒரு வரி எழுதியிருந்தார். நோயாளிக்கான குறிப்பு எங்கே என்று. என்ன குறிப்பு மேடம் என்று கேட்டேன்.

"மாத்திரை கரையாம அப்படியே வெளிய வருமில்ல கோகிலா. கூடு. அதைப் பாக்கறவங்க என்ன நினைப்பாங்க? மருந்து வேலையே செய்யலைன்னு நிறுத்திடுவாங்க. வெளிய சொல்லவும் மாட்டாங்க. நீ மருந்துக் கடையில இருந்தவதானே, ஒருத்தர்கூட உன்கிட்ட வந்து கேட்டதில்லையா?"

கேட்டதில்லை. ஒருவரும் கேட்டதில்லை.

புது டாய்லெட். வந்த அதே வாரம் மாத்திரையும் மாறியது. பழையதில் யார் எதைப் பார்த்தார்கள்? இதில் எல்லாம் கண்ணெதிரே நிற்கும், அரைக் கண்ணுக்கும் தெரியும். மாத்திரை உள்ளே போனால் கரைய வேண்டுமல்லவா என்று சோற்றுத் தட்டின் முன்னால் கேட்டாரே. கரையவே கரையாதா என்றாரே. அந்த மனிதர் தன்னால் முடிந்த அளவுக்குச் சொல்லித்தான் பார்த்திருக்கிறார். நான் பாலைப் பார்க்கப் போய்விட்டேன்.

அத்தை இருந்திருந்தால் அத்தையிடம் சொல்லியிருப்பார். அத்தை என்னிடம் சொல்லிச் சிரித்திருப்பார். மருமகளிடம் ஒரு மாமனார் இதை எப்படிச் சொல்வார்? மகனிடமும் சொல்லவில்லை, மகன் என்னிடம் சொல்லிவிடுவான் என்று.

இப்போது எனக்குத் தெரிந்துவிட்டது. அதிலும் ஒரு சங்கடம். மருமகள் ஒரு மாமனாரிடம் இதை எப்படிக் கேட்பாள்? பஸ்ஸில் வரும்போது நாலைந்து விதமாக ஆரம்பித்துப் பார்த்தேன். ஒவ்வொன்றிலும் அந்த ஒரு வார்த்தை வந்து நின்றது. என்னால் முடியாது. நான் படித்தவள்தான், ஆனாலும் முடியாது.

மார்ச் 30, ஞாயிறு

வார்த்தை இல்லாமல் செய்துவிட்டேன்.

விடிந்ததும் மாமாவைச் சாப்பாட்டு மேசைக்குக் கூப்பிட்டேன். அவருடைய அட்டையிலிருந்து ஒரு மாத்திரையைப் பிதுக்கி, எவர்சில்வர் டம்ளரில் வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றிப் போட்டேன்.

"மாமா, இன்னிக்கு எனக்கு லேப்ல உதவிக்கு ஆளில்லீங். நீங்கதான் உதவோணும். மணிக்கொருக்காத் தண்ணிய வேற டம்ளர்ல வடிச்சுட்டுப் புதுத் தண்ணி ஊத்தி ஸ்பூன்ல கலக்கோணும். வடிச்ச தண்ணிய விரல்ல தொட்டு நாக்குல வெச்சுப் பாக்கோணும்."

"நாக்குலயா? எதுக்கு?"

"இந்த மருந்து கசக்குமுங். கசந்தா மருந்து வெளிய வருதுன்னு அர்த்தம்."

மாமா என்னைப் பார்த்தார். அந்த இடது கண்ணுக்கு என் முகம் எவ்வளவு தெரியும் என்று எனக்குத் தெரியாது. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

முதல் மணியில் விரலை நாக்கில் வைத்ததும் முகம் கோணிவிட்டது. "அப்பாடி, என்னா கசப்பு!" நான் தேங்காய் துருவிக்கொண்டிருந்தேன். இரண்டாவது மணியிலும் கசப்பு. பத்து மணிக்கும் கசப்பு. பால் சொசைட்டியில் பால் அளந்த கை, ஒரு சொட்டுச் சிந்தவில்லை. மத்தியானம் சாப்பிட்டுவிட்டுத் தூங்கப் போகச் சொன்னேன். போகவில்லை. ரேடியோவில் மணி சொல்லும்போதெல்லாம் டம்ளரைத் தூக்கினார். மூன்று மணிக்கு, "இன்னுங் கசக்குது சாமி, கொஞ்சங் கம்மி" என்று சமையல் கட்டுக்கே வந்து சொன்னார். நாலு மணிக்கு நான் கேட்காமலே சொன்னார்.

"அப்ப நாள் பூராம் வந்துட்டேதான் இருக்குது."

"ஆமாங் மாமா."

இருட்டும் நேரத்தில் தண்ணீரில் கசப்பு அநேகமாகப் போய்விட்டது. டம்ளரைத் தட்டில் கவிழ்த்தேன். மாத்திரை சொத்தென்று விழுந்தது. உப்பி, வழவழவென்று, முழுசாக. மாமா தட்டைக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோனார். ரொம்ப நேரம் பார்த்தார். நான் சுவரில் மாட்டியிருந்த காலண்டரைப் பார்த்தேன். பிரதோஷம் என்றைக்கு என்று அவ்வளவு அக்கறையாக நான் எப்போதும் பார்த்ததில்லை.

"இது... இது அப்படியேதான..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார்.

கத்தியால் அதை இரண்டாக வெட்டினேன். ஒரு துண்டின் நடுவை விரலால் தொட்டு நாக்கில் வைத்துக்கொண்டேன். மாமா பதறி, "வேண்டாஞ் சாமி!" என்று கையை நீட்டினார். ஏன் பதறினார் என்று எனக்குத் தெரியும். தெரியாதது போலச் சப்புக்கொட்டிக் காட்டினேன். ஆராய்ச்சிக்காரி என்பதால் உண்மையை எழுத வேண்டும்: நூலளவு கசப்பு இருந்தது. காலைக் கசப்புக்கு முன்னால் அது ஒன்றுமேயில்லை.

"பாருங் மாமா. மருந்தெல்லாம் தண்ணிக்குப் போயிருச்சு. இது வெறுங்கூடு. கூடு எப்படிப் போனாலும் நமக்கு அதப்பத்திக் கவலையில்லீங்."

மாமாவும் தொட்டு வைத்துப் பார்த்தார். பிறகு துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். சிரிக்கிறாரா அழுகிறாரா என்று தெரியவில்லை, தோள் குலுங்கியது.

"அட கெரகமே" என்றார். "அட கெரகமே. வெறுங்கூடா!"

எழுந்து தன் அறைக்குப் போய் ஒரு பழைய பவுடர் டப்பாவைக் கொண்டுவந்து மேசையில் கவிழ்த்தார். மாத்திரைகள் உருண்டு ஓடின. சட்டைப் பையில் மாட்டியது ஒன்றுதான் போலிருக்கிறது.

"தூக்கிப்போட மனசு வரல. உன்றகிட்டச் சொல்லவும் முடியல. தோட்டத்துல, சொசைட்டில, ஊரு பூராம் சொல்லிட்டேன், எங்க மருமவ மாத்திரைன்னு. நீ ராவும் பகலும் அதுக்குத்தான் ஓடற. அது வேல செய்யறதில்லைன்னு எந்த வாயால சொல்லுவேன்? அதான் பாகக்காயத் தின்னாவது கொறைச்சுப்புட்டா, உன்ற மாத்திரையாலதான்னு இருந்துக்குமேன்னு..."

என்னால் அதற்குமேல் நிற்க முடியவில்லை. சமையல் கட்டுக்குப் போய் நன்றாக அழுதேன். என் மானத்தைக் காப்பாற்றத் தன் ஒற்றைக் கண்ணை அடகு வைத்திருக்கிறார் இந்த மனிதர். அவர் அலமாரியில் நான் மிட்டாய்க் காகிதம் தேடினேன். வெளியே வந்து, அன்றைக்குப் பேசியதற்கு மன்னிச்சுக்கங்க மாமா என்றேன்.

"உட்றா சாமி. ராகி தோச ரெண்டாச் சுடு இன்னிக்கு" என்றார்.

மார்ச் 31, திங்கள்

மாமா என் கண்ணெதிரே மாத்திரையை விழுங்கினார். நாக்கை நீட்டியும் காட்டினார். போதும் போதும் என்றேன்.

ஏப்ரல் 17, வியாழன்

நூற்று எழுபத்தெட்டு. சர்க்கரை டாக்டர், என்ன மாற்றினீர்கள் என்று கேட்டார். நானும் மாமாவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளாமல், "ஒண்ணுமில்லீங்" என்று ஒரே நேரத்தில் சொன்னோம். பாகற்காயை மட்டும் விடமாட்டேன் என்கிறார், ருசி பிடித்துவிட்டதாம்.

ஏப்ரல் 24, வியாழன்

ஆபரேஷன் முடிந்தது. கட்டு நாளை அவிழ்ப்பார்கள். இன்று ஒருநாள் மாமாவுக்கு இரண்டு கண்ணும் இல்லை. கையைப் பிடித்து டாய்லெட் வாசல் வரை கொண்டுபோய் விட்டேன். "இனி நான் பாத்துக்கறேன்" என்றார். தினகரன் லீவு போட்டு வந்திருக்கிறார். எனக்குத்தான் ஒரு வேலையும் ஓடவில்லை. அரிசியில் கல் பொறுக்குகிறேன் என்று உட்கார்ந்து ஒரு கல்லும் பொறுக்காமல் எழுந்தேன்.

ஏப்ரல் 25, வெள்ளி

கட்டை அவிழ்த்தார்கள். தெரிகிறது. என்னைப் பார்த்து முதலில் சொன்னது: "ஏஞ்சாமி இப்படி எளைச்சுப் போயிட்ட?"

மே 4, ஞாயிறு

ஆய்வேடு அச்சுக்குப் போகிறது. கடைசிப் பக்கத்தில் ஜெசிந்தா மேடம் கேட்ட நோயாளிக் குறிப்பைத் தமிழில் எழுதி மாமாவிடம் கொடுத்தேன், படிக்கிறவர்களுக்குப் புரிகிறதா பாருங்கள் என்று. புதுக் கண்ணாடி இன்னும் வரவில்லை. ஆனாலும் ஜன்னல் ஓரமாகப் போய் நின்று சத்தமாகவே படித்தார்.

"இந்த மாத்திரையை முழுதாக விழுங்க வேண்டும். மெல்லவோ உடைக்கவோ கூடாது. சில நேரங்களில் மாத்திரையின் கூடு..."

அங்கே சத்தம் நின்றது. மிச்சத்தை உதடு மட்டும் படித்தது. படித்து முடித்துத் தாளை நான்காக மடித்தார். வெளியே முருங்கை மரத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"செரியாத்தான் எழுதிருக்கற. கடைசீல ஒரு வரி சேத்திக்க. சந்தேகம் வந்தா யாருகிட்டயாச்சும் கூச்சப்படாமக் கேளுங்கன்னு."

"செரிங் மாமா" என்றேன்.

சேர்த்துவிட்டேன். அவர் திரும்பிப் பார்க்கவில்லை. நானும் தலையை நிமிர்த்தாமல்தான் எழுதினேன்.